பிள்ளைக்காம்பரா பிறந்த கதை

காலை ஏழரைக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாக வேண்டும். பிந்தினால் செக்ரோல் என்னும் வருகைப் பதிவில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றையச் சம்பளம் போச்சு. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை எனக் கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் கைக்குழந்தைக்காரிகள் இடுப்பில் பிள்ளையும் தோளில் கூடையுமாக ஓடிப்போய் நிற்கிற இடம்தான் பிள்ளைக்காம்பரா.

இந்த அறையைப் பிறப்பித்தது கொழுந்து. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கிற சில மாதங்களுக்கே கூட்டமாக ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட பிறகு நிலைமை மாறியது. தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும், விட்டால் முற்றிவிடும். பெண்களின் கை ஓயாமல் வேண்டியிருந்தது. குடும்பங்கள் பத்துக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் தங்கின. தாய் மலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?

முதலில் பார்த்துக்கொண்டது மரம். மலை ஓரத்து மரக்கிளையில் சேலையால் தூளி கட்டி, ஏழெட்டு வயது அக்காளைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தாய் நிரைக்குப் போவாள். அந்த அக்காளின் கைக்குப் பலம் வந்ததும் அவளுக்கும் கூடை கொடுத்தார்கள். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு, பெண்ணுக்கு, சிறுவருக்கு என மூன்று கூலி வகுக்கப்பட்டது. பிள்ளையும் செக்ரோலில் ஒரு வரி. காவலுக்கு இருந்த அக்காளும் கொழுந்துக்குப் போனதால் தூளி மரத்திலிருந்து தகரக் கொட்டகைக்கு வந்தது. மலை ஏற முடியாத கிழவி ஒருத்தியை அங்கே உட்கார வைத்தார்கள். அதைப் பிள்ளை மடுவம் என்றார்கள். அந்தக் கிழவியின் வேலை, தாய்மார் நடுவில் இறங்கி வராதபடி பிள்ளைகளின் அழுகையை அடக்குவது. 1939இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. பாலூட்டும் தாய்க்கு இடைவேளை தர வேண்டும் என்பதெல்லாம் அதில் பின்னால் சேர்ந்தவை.

ஆனாலும் நெடுங்காலம் பிள்ளைகளை உண்மையில் காத்தவர்கள் லயத்துப் பாட்டிமார்தான். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. ஒரே வீட்டில் பாட்டிக்கு ஒரு நாடும் பேத்திக்கு இன்னொரு நாடும் கிடைத்தன. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. அந்த வண்டியில் ஏறியவர்களோடு பிள்ளை பார்க்கிற கைகளும் போய்விட்டன. மலையகத்தின் குழந்தைப் பராமரிப்பு உடைந்தது இங்கேதான் என்பது என் எண்ணம். இதை எழுதியவர்கள் குறைவு.

அடுத்து வந்தது பஞ்சம். 1973, 74இல் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தபோது, காணி நிலமில்லாத தோட்டத்து மக்களிடம் தின்ன எதுவும் இல்லை. 1974இல் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை ஒரு வயதைக் காணவில்லை. நாட்டின் சராசரி அதில் பாதிதான். 1972இல் கண்டியில் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் நிலையம், தோட்டத்து மக்களின் வாழ்க்கையை நகரத்துக்குச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டது. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்காம்பராவின் இரண்டாவது பிறப்பு அதற்குப் பிறகுதான். 1972, 75 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தபின் கொட்டகைகள் மெல்லக் கட்டடங்களாயின. 1992இல் பல தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது, தோட்டத்தார் 'ட்ரஸ்ட்' என்று சொல்லும், தொழிலாளர் நலன் பார்க்கும் அமைப்பு உருவானது. கிழவி இருந்த இடத்துக்குப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் வந்தார்கள், பலரும் அதே லயங்களில் பிறந்தவர்கள். பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருக்கும். வாய் வழக்கில் இன்றும் பிள்ளைக்காம்பராதான்.

பிள்ளைகளைப் பார்க்கும் நல்ல ஆயம்மா ஒருவர் அங்கே என்ன செய்கிறார் என்று பாருங்கள். காலையில் பிள்ளையை வாங்கும்போதே தொட்டுப் பார்க்கிறார், காய்ச்சல் இருக்கிறதா என்று. முகம் கை கழுவி உடுப்பு மாற்றும்போது முதுகும் தொடையும் கண்ணில் படுகின்றன. விழுந்த காயத்துக்கும் அடிபட்ட தழும்புக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். சம்பளம் போட்ட மறுநாள் இன்னும் கவனமாகப் பார்ப்பார். முந்தின இரவு எந்த வீட்டில் சாராயம் புரண்டது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடும். சாயங்காலம் தாயைத் தவிர யார் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார், மாமன் என்றாலும் சரி. தாய் வந்ததும் தனியே கூப்பிட்டு, "என்ன புள்ள, ராத்திரி சண்டையா?" என்று மெதுவாகக் கேட்பார்.

இதே காலத்தில் நாட்டின் சட்டமும் வளர்ந்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவரைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றமானது. 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. அதன் முதல் தலைவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா. இன்று 1929 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் தோட்ட லயத்துக்கு அரசின் சேவை எளிதில் ஏறி வந்ததில்லை. பிரதேச சபைகளின் வேலை தோட்டங்களுக்குள் வரத் தடையாக இருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரைக்கும், பல தோட்டங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் கண்ணால் பார்த்த ஒரே ஊழியர் அந்த ஆயம்மாதான்.

ஐந்து வயதோடு அந்தக் கண் விலகிவிடுகிறது. பாடசாலை ஒன்றரைக்கு விடும். தாய் சாயங்காலக் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு சேர நாலரை, ஐந்து ஆகும். அந்த இடைவெளியில் சின்னப் பெண் பிள்ளை பூட்டில்லாத காம்பராவில் தனியே இருக்கிறாள். தாய் வெளிநாட்டுக்குப் போன வீடுகளில் இடைவெளி நாள் முழுவதும். அப்புறம் ஒரு தரகர் வருவார், "கொழும்பில் நல்ல வீடு" என்று. 2021 ஜூலையில் டயகமத் தோட்டத்திலிருந்து அப்படிப் போன பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு கொழும்பு ஆஸ்பத்திரியில் இறந்தபோது மலையகமே தெருவில் இறங்கியது.

கண்டி, மாத்தளைப் பக்கத்தில் இன்னும் அரசிடமே இருக்கும் தோட்டங்கள் பல இன்று காடாகிக் கிடக்கின்றன. பெண்கள் டவுன் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்தில் பேர் போடாத தாயின் பிள்ளைக்குப் பிள்ளைக்காம்பராவில் இடமுண்டா என்ற கேள்வி வந்திருக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அந்த அறைகளை மூடுவது பெரிய தவறு. தாய் எங்கே வேலை செய்தாலும் பிள்ளையை எடுக்கட்டும். பாடசாலை விட்டு வருகிற பிள்ளைகளையும் எடுக்கட்டும். அடுப்பும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் உள்ள கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது. பிள்ளைகளைப் பேர் பேராகத் தெரிந்த பெண்ணும் அங்கே இருக்கிறார். மத்தியானத்துக்கு இன்னொரு பெண்ணை வைத்து, ஒன்றரையிலிருந்து நாலரை வரைக்கும் அவருக்கான சம்பளத்தைத் தோட்டம் கொடுக்குமா, பிரதேச சபை கொடுக்குமா என்பதைத்தான் இனிப் பேசி முடிக்க வேண்டும்.