எக்ஸ்போர்ட் கொடுத்தால் கணினி ஏன் படுத்துக்கொள்கிறது? ஒரு கடன் வரலாறு



ஐந்நூறு போட்டோக்களைத் திருத்தி முடிக்கும்வரை கணினி நன்றாகத்தான் இருக்கும். ஸ்லைடரை இழுத்தால் வெளிச்சம் கூடும், நிறம் மாறும், எல்லாம் உடனுக்குடன். கடைசியில் அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுத்ததும் கதை மாறும். ஃபேன் இரைய ஆரம்பிக்கும், மவுஸ் திக்கித் திக்கி நகரும், பிரவுசர் திறக்க யோசிக்கும். "சிஸ்டம் பழசாயிடுச்சு", "வைரஸ் இருக்கும்", "ரேம் போட்டா சரியாயிடும்" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

நான் படிப்பது பி.காம். கணினி அறிவியல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஆனால் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எங்கள் பாடத்தைப் படிப்பது போலவே இருந்தது. சரக்கு இன்று, பணம் பிறகு என்றால் அதற்குப் பெயர் கடன். எக்ஸ்போர்ட் நேரத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பழுது இல்லை, பில். அந்தக் கடன் எப்படி ஏறியது என்று பார்ப்போம்.

இயந்திரம் விலை அதிகம், மனிதன் மலிவு

'பேட்ச்' என்ற சொல் போட்டோக்களோடு பிறந்தது அல்ல. 1950களில் ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கும். அது ஒரு நிமிடம் சும்மா இருந்தாலும் பெரிய நஷ்டம். அதனால் எல்லோருடைய வேலையையும் துளையிட்ட அட்டைகளாக வாங்கி, ஒரு கட்டாகச் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார்கள். 1956இல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் ஐபிஎம் 704 கணினிக்காக எழுதிய அமைப்பு இந்த வகையில் முன்னோடி. கொடுத்தவர் காத்திருக்க வேண்டும், முடிவு எப்போது வருகிறதோ அப்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டவர்களில் முக்கியமானவர் எம்ஐடியைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1961இல் அவருடைய குழு ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டியது. இயந்திரம் தன் நேரத்தைத் துண்டு துண்டாக எல்லோருக்கும் பங்கு போடும். இனி மனிதன் காத்திருக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

இன்று நம் மேஜையில் இருக்கும் கணினியிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது குணத்தை. எக்ஸ்போர்ட்டோ முதல் வகை வேலை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதுதான் பிரச்சனையின் வேர்.

ஒரு மெகாபைட்டில் ஆரம்பித்த கதை

1987. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் மேக் பிளஸ் கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதினார். அந்தக் கணினியின் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும். சாம்பல் நிறச் சாயல்களை அதில் காட்டுவதற்காக எழுதியது அது. ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு மாயக்காட்சிகள் செய்த நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி ஜான் நோல் அதைப் பார்த்துவிட்டு, இதை முழு மென்பொருளாக்கலாம் என்றார். அதுதான் வளர்ந்து 1990 பிப்ரவரியில் அடோபி வெளியிட்ட போட்டோஷாப் ஆனது.

மேக் பிளஸ் விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்த நினைவகம் ஒரு மெகாபைட். ஒரு நல்ல வண்ணப் படமே அதில் அடங்காது. அன்றைய மேக் இயங்குதளத்தில் வன்தட்டை நினைவகம்போலப் பயன்படுத்தும் வசதியும் கிடையாது. அது 1991இல் சிஸ்டம் 7 வந்தபோதுதான் வந்தது. அதனால் போட்டோஷாப் தானே அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டது. நினைவகத்தில் இடம் போதாவிட்டால் படத்தின் பகுதிகளை வன்தட்டில் இறக்கிவைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்று இன்றும் செட்டிங்ஸில் பார்க்கிறோமே, அதன் பூர்வீகம் இதுதான்.

இதுதான் முதல் கடன். இல்லாத நினைவகத்தை வன்தட்டிடமிருந்து வாங்குவது. அதற்கு வட்டி, நேரம்.

ஒரு படத்திலிருந்து ஒரு மூட்டைக்கு

முதலில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் திருத்தினார். 1996இல் வந்த போட்டோஷாப் 4.0 'ஆக்‌ஷன்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. செய்த வேலையை ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அதையே ஒரு ஃபோல்டர் முழுக்க ஓட்டலாம். நாற்பது வருடம் முந்தைய அட்டைக்கட்டு முறை போட்டோக்காரர் மேஜைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஆனாலும் அப்போது பேட்ச் வேலை சிறியது. பெரிய மாற்றம் டிஜிட்டல் கேமராவோடும் 'ரா' கோப்புகளோடும் வந்தது. கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மீதி இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். கேமராவே அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தால் அது ஜேபெக். போடாமல் அப்படியே கொடுத்தால் அது ரா. 2003இல் அதே தாமஸ் நோல் எழுதிய 'கேமரா ரா' இணைப்பு வந்த பிறகு அந்தக் கணக்கு நம் கணினியின் தலையில் ஏறியது.

பெரிய கடன்

இப்போதுதான் கதையின் மையத்துக்கு வருகிறோம். 2005இல் ஆப்பிள் அபெர்ச்சரை வெளியிட்டது. 2007 பிப்ரவரியில் அடோபியின் லைட்ரூம் 1.0 வந்தது. இரண்டுக்கும் ஒரே தத்துவம்: மூலப் படத்தைத் தொடாதே. நீங்கள் ஸ்லைடரை இழுக்கும்போது படம் மாறுவதில்லை. "வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இங்கே வெட்டு" என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கப்படுகிறது. திரையில் தெரிவது அந்த அளவுக்குத் தயாரித்த ஒரு முன்னோட்டம் மட்டுமே.

எவ்வளவு அழகான யோசனை! எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம், மூலப்படம் பத்திரம். ஆனால் கணக்குப் பாடம் படிப்பவன் கேட்பான்: செய்யாத வேலை எங்கே போனது? எங்கும் போகவில்லை. குறிப்பேட்டில் பாக்கியாக நிற்கிறது. எக்ஸ்போர்ட் பட்டன்தான் தவணை தேதி. ஒவ்வொரு படத்துக்கும் ரா கோப்பைத் திறந்து, நிறங்களைக் கணக்கிட்டு, எல்லாக் குறிப்புகளையும் முழு அளவில் நிறைவேற்றி, கூர்மைப்படுத்தி, ஜேபெக்காகச் சுருக்கி, வன்தட்டில் எழுத வேண்டும்.

அந்தச் சுருக்கும் வேலைக்குப் பின்னால் இந்தியர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974இல் வெளியிட்ட கணித முறையே ஜேபெக்கின் அடித்தளம். அகமது இதற்காக 1972இல் அமெரிக்க அரசின் அறிவியல் நிதியமைப்பிடம் பணம் கேட்டபோது கிடைக்கவில்லை!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 24 மெகாபிக்சல் படம். புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 2 பைட் என்று வைத்தால் ஒரு படம் விரிந்த நிலையில் 144 மெகாபைட். 500 படம் என்றால் 72 ஜிகாபைட். மேக் பிளஸ்ஸின் ஒரு மெகாபைட்டை நினைத்துப் பாருங்கள். நினைவகம் போதாவிட்டால் இயங்குதளம் வன்தட்டில் இடம் தேடும். அதே வன்தட்டிலிருந்துதான் ரா கோப்புகளைப் படிக்க வேண்டும், ஜேபெக்கை எழுதவும் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் மூன்று மாட்டுவண்டிகள்.

வேகம் நின்றது, தலைகள் பெருகின

முன்பெல்லாம் இரண்டு வருடம் பொறுத்தால் புதிய சிப் வந்து பிரச்சனையைத் தீர்த்துவிடும். 2004இல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. சூடு தாங்கவில்லை. 2005 முதல் ஒரு வேகமான மூளைக்குப் பதிலாக இரண்டு, நான்கு கோர்கள் வந்தன. ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த மென்பொருளுக்கே அதனால் லாபம். லைட்ரூமின் பழைய பதிப்புகளில் ஒரே எக்ஸ்போர்ட்டை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடிகிறது என்று போட்டோக்காரர்களே கண்டுபிடித்தார்கள். அதாவது கூலிக்கு ஆட்கள் நிற்கிறார்கள், மேஸ்திரிக்கு வேலை பிரிக்கத் தெரியவில்லை.

புகார்கள் குவிந்தன. 2017 ஜூலையில் அடோபியின் டாம் ஹோகார்ட்டி, லைட்ரூமின் வேகத்தில் குறை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்வதே முதல் வேலை என்று எழுதினார். 2018 பிப்ரவரியில் வந்த 7.2 பதிப்பு, 12 ஜிபியும் அதற்கு மேலும் ரேம் உள்ள பல கோர் கணினிகளில் எக்ஸ்போர்ட்டை வேகப்படுத்தியது. 2022இல் கிராபிக்ஸ் கார்டும் எக்ஸ்போர்ட்டில் கைகொடுக்கத் தொடங்கியது.

அப்படியானால் பிரச்சனை தீர்ந்ததா?

இங்கேதான் வேடிக்கை. "எக்ஸ்போர்ட் மெதுவாக நடக்கிறது" என்பது ஒரு புகார். "எக்ஸ்போர்ட் நடக்கும்போது கணினி மெதுவாகிறது" என்பது வேறொரு புகார். முதலாவதற்கு மருந்து எல்லாக் கோர்களையும் பிடித்து வேலை வாங்குவது. அந்த மருந்தே இரண்டாவது நோயைக் கொண்டுவரும். எல்லா ஆட்களும் ஒரே வயலில் இறங்கிவிட்டால் வாசலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. இரண்டையும் ஒருசேரக் கேட்பது நியாயம்தான், ஆனால் ஏதோ ஓர் அளவில் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

கல்யாண ஸ்டுடியோ நடத்தும் ஒருவருக்கு இது பொழுதுபோக்குப் பிரச்சனை இல்லை. பில் போடுவதும் அதே கணினி, அடுத்த ஆல்பம் வடிவமைப்பதும் அதே கணினி. அவருக்கு மணிக்கணக்கில் போவது கூலி. அவர் புது கணினி வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன், எது அடைப்பு என்று பார்ப்பது நல்லது. எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசசரா, ரேமா, டிஸ்கா, எது நூறு சதவீதத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். டிஸ்க் என்றால் வெளியே எழுதும் இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றலாம். ரேம் என்றால் ரேம் வாங்கலாம். ப்ராசசர் என்றால் கணினி ஒழுங்காக உழைக்கிறது என்று அர்த்தம், அதைத் திட்டிப் பயனில்லை. அப்போது இருக்கிற மலிவான வழி, அட்டைக்கட்டு காலத்திலேயே தெரிந்த வழிதான்: மூட்டையை ராத்திரி ஏற்றிவிட்டுத் தூங்கப் போவது.

பகல் முழுக்க ஸ்லைடரை இழுத்தவுடன் படம் மாறிய சுகத்தை அனுபவித்தோம் அல்லவா? அந்தச் சுகம் கடனுக்கு வாங்கியது. கடன் தப்பில்லை, வியாபாரமே அதில்தான் ஓடுகிறது. தவணை தேதி எப்போது என்று தெரிந்து வைத்திருப்பவன் மட்டும் திண்டாடுவதில்லை.

உங்கள் கணினியில் எது அடைப்பு என்று பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.