குகையைக் காண்பதும் காப்பதும்

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்கிறவனுக்குக் குகையோடு என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். எங்கள் துறவிகள் மலைக்குகைகளில்தான் தங்கினார்கள். அந்த இடங்களைப் 'பள்ளி' என்றார்கள்.

சென்ற மழைக்காலத்தில் பேரன் ஒரு ஆவணப்படம் போட்டுக் காட்டினான். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 2010-ல் வெளியிட்ட 'மறந்துபோன கனவுகளின் குகை'. 1994 டிசம்பர் 18 அன்று தென் பிரான்சில், ஆர்தேஷ் ஆற்றுப் பகுதியில், ஷோவே என்பவரும் நண்பர்கள் இருவரும் பாறை இடுக்கிலிருந்து காற்று வருவதை உணர்ந்தார்கள். கற்களை அகற்றி உள்ளே இறங்கினால் ஏறக்குறைய 400 மீட்டர் நீளக் குகை! சுவரெங்கும் குதிரை, சிங்கம், காண்டாமிருகம். வயது முப்பதாயிரம் ஆண்டுக்கு மேல்.

ஆனால் என்னைத் தொட்டது வேறு. அந்தக் குகை மக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. படப்பிடிப்புக் குழுவுக்கும் குறுகிய இரும்புப் பாதையை விட்டு இறங்க அனுமதி கிடையாது. காரணம், லாஸ்கோ குகையில் பட்ட சூடு. 1940-ல் கண்டுபிடித்து, 1948-ல் திறந்து, பார்வையாளர் மூச்சுக்காற்றாலேயே ஓவியம் கெட்டுப்போய், 1963-ல் மூடினார்கள்.

நம் சித்தன்னவாசலை நினைத்துக்கொண்டேன். அதன் ஓவியங்கள் 1920-ஐ ஒட்டித்தான் அறிஞர் உலகுக்குத் தெரிந்தன. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கூரையில் தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். சுதைமேல் தீட்டியது, பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மேலே ஏழடிப்பட்டத்தில் பதினேழு கற்படுக்கைகள். அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு அங்கே போனபோது, கூர்ங்கல் எடுத்துப் பாறையில் என் பெயரின் முதலெழுத்தைக் கீறினேன். அப்பா அடிக்கவில்லை. "மண்ணுக்கும் கல்லுக்கும் உயிர் உண்டுன்னு சொல்லித்தானேடா உன்னை வளர்த்தேன்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கீறல் இன்றும் அங்கே இருக்கும்.

ஓணம் விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போங்கள். புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். தொடாமல் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். குகையைக் கண்டுபிடித்தவர் பெயர் ஏட்டில் நிற்கும். காப்பாற்றுகிறவர் பெயர் எங்கும் இருக்காது. இருந்தாலும் அந்த வேலை நம்முடையது.