மரத்தை நிறுத்தி, கனியை வழங்குவோம்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு மலைப்பாதையில் ஏறுவோர், சில்வர் ஓக் மரங்களையும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளையும் நிழலில் வளரும் காப்பிச் செடிகளையும் காண்பர். ஏமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து மைசூர் நாட்டு மலையொன்றில் விதைத்தவர் பாபா புதன் என்னும் இறைநேசர் என்பது மரபுவழிச் செய்தி. சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் வேரூன்றியது 1820களில், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில். காப்பியை நட்டவர் முதற்பலன் காண மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பேணினால் அது பல்லாண்டு பலன் தரும்.

இலாபம் கருதாத கலை, கல்வி, சமூக அமைப்புகளும் இத்தகையனவே. அவற்றுள் சில நூற்றாண்டு வாழ்கின்றன. பல, தொடங்கியவரோடு முடிகின்றன. காரணம் என்ன?

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து, விளைவைத் தர்மம் செய்யும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அந்நிலத்தை விற்கலாகாது, அன்பளிப்பாக அளிக்கலாகாது, அது வாரிசுரிமையாகவும் போகலாகாது. பராமரிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம். அதைக்கொண்டு செல்வம் சேர்க்கலாகாது. இதுவே வக்ஃபின் அடிப்படை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மருத்துவமனையும் வக்ஃபின் வருவாயால் இயங்கியதே.

இந்த இலக்கணம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி, ஒரு தனிமனிதரின் ஆயுளைச் சார்ந்திராமல் ஒரு துறவற சபையின் பொறுப்பில் இருப்பதால் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. சேர்வராயன் கோயிலில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் விழாவும் தனி ஒருவருடையதன்று. மலையாளிப் பழங்குடி மக்கள் தம் சமூகக் கடமையாகவே அதைக் காத்து வருகின்றனர்.

இலக்கிய உலகிலும் இதைக் காணலாம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, நூலகம், 'செந்தமிழ்' இதழ், தேர்வுகள் ஆகியவற்றையும் அதனோடு இணைத்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர் அச்சங்கத்துப் புலவருள் ஒருவராக விளங்கினார். நிறுவியவர் மறைந்த பின்னும் சங்கம் நிலைத்தது. 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும் அவ்வாறே பின்னர் வேறு ஊர்களிலும் தொடர்ந்தது. 1979இல் அது கொழும்பில் கூடியது.

இனி நம் அனுபவத்திற்கு வருவோம். மலையடிவாரத்தில் நாம் பாடம் சொல்லும் ஊரில் சிறியதொரு வாசகசாலை இருந்தது. மஃரிபுக்குப் பின் மாணவர்கள் அங்கே கூடுவர். ரபீவுல் அவ்வல் மாதத்தில் கவியரங்கமும் நடைபெறும். எல்லாம் செயலாளர் ஒருவரின் உழைப்பு. கணக்கேடு அவர் வீட்டில். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். சாவி அவர் பையில். அவர் இறையடி சேர்ந்த மூன்றாம் மாதம் அறை காலியாயிற்று, நூல்கள் மூட்டைகளாயின. பிழை அவருடையதன்று. அவருக்குத் துணையாக மற்றொருவரை நாம் நிறுத்தவில்லை. அவர் கொடுத்த கனிகளை உண்டோம். மரத்திற்கு நீர் ஊற்றவில்லை.

சகோதரர்களே! இன்று உங்கள் மஹல்லாவில் நூலகமோ, கலைக்குழுவோ, மாலை வகுப்போ நடந்துகொண்டிருக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி அது பதிவு பெற்றிருக்கிறதா, வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா, ஆண்டுக் கணக்கு ஜமாஅத்தார் முன் வைக்கப்படுகிறதா, பொறுப்பை ஏற்க இளைஞர் ஒருவர் பழகி வருகிறாரா என்று இவ்வாரமே வினவுங்கள்.

அந்த மூட்டைகள் மதரஸாவின் பின்னறையில் உள்ளன. அவற்றைப் பிரித்துப் பட்டியல் எழுதும் பணியை நம் மாணவர் இருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். இம்முறை சாவிகள் இரண்டு. அல்லாஹ் இப்பணியை ஏற்றுக்கொள்வானாக.