ஐஸ் ஹவுஸ் பிறந்த கதை

மெரினாவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்த வட்டக் கட்டடத்தை மனிதர்கள் குடியிருக்கக் கட்டவில்லை. அமெரிக்காவின் ஏரி குளங்களில் அறுத்தெடுத்த ஐஸ் உருகாமல் இருக்கக் கட்டினார்கள்.

பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடருக்குக் குளிர்காலத்தில் உறைந்த நீரை விற்பதுதான் தொழில். 1833இல் 180 டன் ஐஸைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், நடுவே பூமத்திய ரேகையின் வெயில். போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது! வெப்பம் புகாமல் மூடிய நேர்த்தி அப்படி.

சென்னைக் கிடங்கு எழுந்தது 1842 வாக்கில். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். சரக்கெல்லாம் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். கடலும் இன்றுபோலத் தொலைவில் இல்லை. பின்னாளில் துறைமுகம் கட்டிய பிறகுதான் மணல் சேர்ந்து இவ்வளவு பெரிய கடற்கரை உண்டானது. கரையேறிய ஐஸ் துரைமார்களின் மதுக்கோப்பைக்கும் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் போனது. டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் ஐஸ் அறுப்பதை அதன் கரையிலிருந்து பார்த்த எழுத்தாளர் தோரோ, தன் குளத்து நீரைச் சென்னைக்காரர்களும் குடிக்கிறார்கள் என்று எழுதிவைத்தார்.

1870களில் நீராவி இயந்திரத்தைக் கொண்டு உள்ளூரிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வாங்கியவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். சுற்றிலும் தாழ்வாரம் இறக்கி, ஜன்னல் திறந்து வீடாக்கினார். நீதிபதி கெர்னன் பெயரால் ‘கெர்னன் கோட்டை’ என்றார். ஏழை மாணவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார். குளிர் வெளியேறக் கூடாதென்று கட்டிய சுவருக்குள் காற்றை வரவழைப்பது லேசான வேலையாக இருந்திருக்காது.

1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கேதான் தங்கினார். அடுத்த மாதமே ராமகிருஷ்ணரின் சீடர் ராமகிருஷ்ணானந்தர் வந்து மடம் தொடங்கினார். ஐயங்கார் காலமானபின் 1906இல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடக்கும்போது ராமகிருஷ்ணானந்தர் தன்பாட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். யார் வாங்கினால் என்ன, குருமகராஜ் ராமகிருஷ்ணருக்கு ஒரு சின்ன அறை போதும் என்றாராம். 1907இல் மடம் மயிலாப்பூருக்குப் போயிற்று.

1917இல் கட்டடம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதன் சரித்திரத்தில் நான் பெரிதாக மதிப்பது இதற்குப் பிந்திய காலத்தைத்தான். சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகள் இல்லம் இங்கே இயங்கியது. பதினொரு வயதில் தாமே விதவையானவர். 1911இல் பட்டம் பெற்றவர். தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்கார்த்தப்பட்ட பெண்கள் இங்கே தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே போனார்கள்.

1963இல் அரசு இதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டியது. 1997இல் ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்கு விட்டது; இப்போது உள்ளே கண்காட்சி நடக்கிறது. ஆனால் ஆட்டோவில் ஏறி ‘ஐஸ் ஹவுஸ்’ என்றால்தான் சட்டென்று வண்டி கிளம்பும். இதே வியாபாரத்துக்காகக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் எழுந்த ஐஸ் கிடங்குகள் இன்று இல்லை. மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.