ஏட்டில் இல்லாத பேச்சு

நாடக வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் நாடகப் பிரதிகளின் வரலாறுதான். எந்த ஆண்டில் எந்த நாடகம் எழுதப்பட்டது, யார் பதிப்பித்தார், யார் நெறிப்படுத்தினார் என்று, தாள் இருக்கும் இடத்தில் வரலாறும் இருக்கிறது. தாள் இல்லாமல் மேடையேறியவனுக்கு அதில் இடம் குறைவு. எழுதாப் பேச்சையே முதலாகக் கொண்டு, தனி ஆளாக நின்று சபையைக் கட்டியாண்ட கலைஞனைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

எங்கள் வினாயகபுரம் அம்பாறைக் கரையோரத்தில், திருக்கோயிலுக்கு அண்மையில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே போனால் தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். இந்தக் கரையில் எழுதாப் பேச்சுக்காரர் இரண்டு வகையினரை நான் அறிவேன்.

ஒருவன் கூத்துக் களரியின் கோமாளி. களரியில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். கொப்பி பார்ப்பவர் அருகில் இருந்து மறந்த அடியை எடுத்துக் கொடுப்பார். அரசனுக்கும் மந்திரிக்கும் உரிய பாட்டும் வசனமும் கொப்பியில் இருக்கும். கட்டியகாரனுக்கும் சில வரிகள் உண்டு. அரசர் வருகிறார் என்று சபைக்கு அறிவிப்பது அவனுடைய தொழில். ஆனால் அரசன் ஆடிக் களைத்து நிற்கும் வேளையில், அடுத்த வேஷக்காரன் உடுப்புக் கட்டி முடியாத வேளையில், களரி கோமாளியின் கைக்கு வந்துவிடும். அந்தப் போகத்து நெல் விலை, கூட்டுறவுக் கடையில் சீனி முடிந்த கதை, முன்னுக்குக் குந்தியிருக்கும் போடியாரின் கொட்டாவி எல்லாம் அவன் வாயில் வரும். பாரதக் கதைக்கு நடுவே ஊர்க் கதை நுழையும். அந்த நேரம் கொப்பி பார்ப்பவர் கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சனங்களோடு சேர்ந்து சிரிப்பார். ஏனென்றால் அதில் ஒன்றுமே கொப்பியில் இல்லை.

மற்றவர் பக்கீர் பாவா. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு றபானை அடித்துப் பாடிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் உறங்குகிறவர்களை எழுப்புவது பாவாமாரின் வழக்கம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றும் நாள்களில் அவர்களைக் கூட்டமாகக் காணலாம். ஆனால் நோன்பு இரவில் பாவா தனி ஆள். மேடையும் திரையும் இல்லை. வாசலில் விளக்கு எரிந்தால் பாட்டு நீளும், எரியாவிட்டால் சுருங்கும். தன் சபையை ஒவ்வொரு வாசலிலும் புதிதாக அளந்துகொள்ளும் கலைஞர் அவர்.

கிராமத்திலே இப்படி. நகரத்து அரங்கிலே என்ன நடந்தது என்று பார்த்தால், அங்கேயும் இதே ஆள் வேறு உடுப்பில் நிற்கிறான். மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1918 ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய நகரம் அது. 1922 இல் சுவாமிகள் மறைந்த பின்னரும் அவருடைய நாடகங்களை உயிரோடு வைத்திருந்தது ஸ்பெஷல் நாடகம் என்ற முறை. அதிலே நிலையான கம்பெனி கிடையாது. இராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டு, அன்றிரவு மேடையிலேதான் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும், பேச்சு அந்த நேரத்தில் பிறக்கும். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் எதைக் கேட்பார், மற்றவர் எப்படி மடக்குவார் என்பதைப் பார்க்கவே சனங்கள் வருவார்கள். எல்லோருக்கும் முன்னர் தனியாக மேடைக்கு வருகிறவன் பபூன். சபையை அமர்த்திச் சிரிக்க வைத்து, இரவு முழுவதும் விழித்திருக்கத் தயார்ப்படுத்துவது அவன் பொறுப்பு. அவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்றவனுக்குச் சுவாமிகளின் பிரதியில் தேடினால் வரி கிடைக்காது.

எழுதாப் பேச்சு வெறும் வேடிக்கையாக நின்றுவிடவில்லை. பிரித்தானிய இந்திய அரசு 1876 ஆம் ஆண்டிலேயே நாடகங்களைத் தடைசெய்ய ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலே சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேஷத்தில் நின்றபடியே சுதந்திரப் பாட்டுப் பாடினார். தினைப்புனத்துப் பறவையை விரட்டுகிற பாட்டு, அவர் வாயில் வெள்ளைக்காரனை விரட்டுகிற பாட்டானது. வள்ளி திருமணத்தைத் தடைசெய்ய எந்த அதிகாரிக்கும் காரணமில்லை. ஆனால் அன்றிரவு அவர் எந்த இடத்தில் எந்தப் பாட்டை நுழைப்பார் என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் துறந்தார்.

நமது நாட்டிலும் 1912 ஆம் ஆண்டின் பொது நிகழ்ச்சிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நாடகப் பிரதியை முன்கூட்டிக் கொடுத்து அனுமதி பெறும் நடைமுறை உருவானது. இங்கிலாந்திலும் 1968 வரை அரண்மனை அதிகாரியான சேம்பர்லேன் பிரபு பிரதியைப் படித்து அனுமதி கொடுத்த பின்னரே நாடகம் மேடையேறலாம். 1958 இல் லண்டனில் ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழு, அனுமதி பெற்ற பிரதியில் இல்லாத பேச்சை நடிகர்கள் மேடையில் சேர்த்தார்கள் என்பதற்காக வழக்குக்கு இழுக்கப்பட்டு அபராதம் கட்டியது. சட்டத்துக்கு வேண்டியது தாள். கோமாளியிடம் இல்லாததும் தாள். அதிகாரம் அவனை நம்பாததற்கும் வரலாறு அவனை மறந்ததற்கும் காரணம் ஒன்றே என்பது என் துணிபு.

நம் ஆய்வாளரின் தாகமும் தாளை நோக்கியதாகவே இருந்தது. அதிலே அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன் என்று கூத்துகளைப் புதுப்பித்து மேடையேற்றினார். படிப்பறிவில்லாதவர் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கூத்துக்கு அதனால் நாடெங்கும் மதிப்பு வந்தது. கூத்துப் பிரதிகளும் அச்சேறின. அந்தப் பணி நடந்திராவிட்டால் இன்று கூத்தைப் பற்றிப் பேச நமக்கு வாயே இருந்திராது. ஆனால் விடிய விடிய ஆடும் கூத்தை நகர மேடைக்காகச் சில மணிநேரத்துக்குச் சுருக்கும்போது, கத்தரிக்கோலுக்கு முதலில் அகப்படுவது கொப்பியில் இல்லாத பேச்சுத்தான். அரசன் நகரத்துக்குப் போனான். கோமாளி பெரும்பாலும் ஊரிலேயே நின்றுவிட்டான்.

நகரத்தில் கோமாளிக்கு இடம் கொடுத்தது வானொலி. கொழும்பு வானொலியில் பெயர்பெற்ற கோமாளிகள் கும்மாளம், 1976 இல் கோமாளிகள் என்ற திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என்று நான்கு பேர். நான்கு விதமான தமிழ். முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராக நடித்தவர் எஸ். ராமதாஸ். சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாக வந்தவர் செல்வசேகரன். யாழ்ப்பாணத் தமிழில் அப்புக்குட்டியாக வந்தவர் ராஜகோபால். ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீட். ஒருவர் மற்றவருடைய பேச்சை வாங்கிப் பேச, அந்தந்தச் சமூகத்தவரும் வானொலிக்கு முன்னால் இருந்து சிரித்தார்கள். பக்கத்து வீட்டான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டவனுக்கே அந்த நடிப்பு கைவரும். கேட்டுப் பழகிய சபைக்கே அந்தச் சிரிப்பும் வரும்.

அதே காலப்பகுதியில் கே. எஸ். பாலச்சந்திரன் தனிநடிப்பைத் தமிழ் மேடையின் தனி நிகழ்ச்சியாக நிலைநிறுத்தினார். கதம்ப நிகழ்ச்சிகளில் இரண்டு பாட்டுக்கு இடையே நேரம் நிரப்ப வந்த கலையை, சனங்கள் அதற்கென்றே காத்திருக்கும் கலையாக மாற்றியவர் அவர். அண்ணை றைற் என்ற தனிநடிப்பில் யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டராக அவர் ஒருவரே நிற்பார். நெரிசலும் சில்லறைச் சண்டையும் அவருடைய ஒரு குரலிலேயே நமக்குத் தெரியும். ஒலிநாடாவில் வந்தபடியால் அது ஊர் ஊராகப் போனது. புலம்பெயர்ந்தவர்களோடு கடலும் கடந்தது. 2014 இல் அவர் கனடாவில் காலமானார். அந்தக் குரல் இருக்கிறது. எழுத்து செய்யாத காவலை நாடா செய்தது.

எங்கள் கரையின் கோமாளிகளுக்கு அந்த நாடாவும் வாய்க்கவில்லை. போர்க்காலம் இரவுக் கூத்தை நிறுத்தியது. அடுத்தடுத்த ஊர்களைத் தூரத்து ஊர்களாக்கியது. அடுத்த ஊரான் பேசுவதைக் கேட்கும் வாய்ப்புக் குறைந்தபோது, அவனைப் போலப் பேசிச் சிரிக்க வைக்கும் துணிவும் குறைந்தது. முன்னர் உறவாக இருந்த பகிடி, நிந்தையாகப் படத் தொடங்கியது. பிறகு 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அம்பாறைக் கரை இந்த நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த கரை. அலை கொண்டுபோன கொப்பியை இன்னோர் ஊர்க் கொப்பியைப் பார்த்துத் திரும்ப எழுதலாம். போன கோமாளியோடு போன பேச்சை எதைப் பார்த்து எழுதுவது?

அவன் பேசியது வெறும் பகிடி அல்ல. அந்த ஆண்டு நெல் என்ன விலை போனது, எந்த அதிகாரி ஊரை ஏய்த்தான், யார் யாரோடு உறவாக இருந்தார்கள், எதைச் சொன்னால் ஒரு சபை சேர்ந்து சிரித்தது என்பதெல்லாம் அதிலே இருந்தது. அரசனின் பாட்டு நூறு ஆண்டு பழையது. கோமாளியின் பேச்சு அன்றைய தேதியிட்டது. ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுத முயல்கிறவருக்கு இரண்டாவது சாட்சிதான் அதிகம் பயன்படும்.

இப்போது கோயில் முற்றங்களில் கூத்துப் போட்டால், கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவுசெய்யும் இளைஞரை நிறையக் காண்கிறேன். மகிழ்ச்சியான காட்சி. ஆனால் அரசன் பாடி முடித்துக் கோமாளி வாயைத் திறந்ததும் பலர் கையை இறக்கிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். அரசன் சொன்னது கொப்பியில் இருக்கிறது.