மிசௌரி ஆற்றில் ஒரு கோடு: பெரியம்மையும் மண்டான் மக்களும்

1/
அமெரிக்கா மேற்கு நோக்கி விரிந்த கதையில் துப்பாக்கி, ரயில், தங்கம் எல்லாம் வரும். ஒரு தடுப்பூசியும் வருது, தெரியுமா? அதைச் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
மிசௌரி ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய வடக்கு டகோட்டாவில், மண்டான் மக்கள் வாழ்ந்தாங்க. நாடோடிகள் இல்லை. மக்காச்சோளம் விளைவிச்சு, மண்வீடு கட்டி, ஊராக வாழ்ந்த விவசாயிகள். 1804-05 குளிர்காலத்தில் லூயிஸ், கிளார்க் குழு இவங்க பக்கத்தில்தான் தங்கியது. இவங்க கொடுத்த சோளமும் சேர்ந்துதான் அந்தக் குளிரைத் தாண்ட வைத்தது.

3/
1796லேயே ஜென்னர் பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார். மேற்கே போகும்போது பசு அம்மைப் பாலையும் கொண்டுபோகச் சொல்லி லூயிஸுக்கு ஜனாதிபதி ஜெஃபர்சன் எழுதியிருந்தார். ஆனா அது வழியிலேயே வீரியம் இழந்துடுச்சு. குளிர்சாதனம் இல்லாத காலம்!

4/
1832ல் அமெரிக்க நாடாளுமன்றம் பழங்குடியினருக்குத் தடுப்பூசி போடச் சட்டம் இயற்றி 12,000 டாலர் ஒதுக்கியது. நல்ல விஷயம்தானே? இங்கேதான் சிக்கல். போர்த்துறைச் செயலர் லூயிஸ் காஸ், மிசௌரியில் ஒரு எல்லைக்கு மேலே மருத்துவரை அனுப்ப வேண்டாம்னு முடிவு செய்தார். சியூ மக்களில் சிலருக்கு ஊசி கிடைத்தது. மண்டான் மக்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

5/
ஐந்து வருஷம் கழித்து, ஜூன் 1837. கம்பளித்தோல் வணிக நிறுவனத்தின் சரக்கோடு ‘செயின்ட் பீட்டர்ஸ்’ என்ற நீராவிப் படகு ஆற்றில் ஏறி வந்தது. படகில் பெரியம்மை இருந்தது. பயணம் நிற்கலை.

6/
அம்மை தொற்றிய பிறகு ஏறக்குறைய 10-14 நாள் எந்த அறிகுறியும் தெரியாது. ஜூலை நடுவில் மண்டான் ஊரில் முதல் மரணம். பிறகு ஒரே நேரத்தில் வீடு வீடாகப் படுத்தாங்க. தண்ணி எடுத்துக் கொடுக்க, கஞ்சி வைக்க, எழுந்து நிற்க ஒரு ஆள் இல்லை. வைரஸ் பாதி கொல்லும்னா கவனிப்பாரில்லாமை மீதியைக் கொல்லும். வார்டில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புரியும். தலைவர் மாட்டோ டோப்பேவும் ஜூலை 30ல் இறந்தார். 1,600க்கும் மேல் இருந்த மக்களில் மிஞ்சியவர்கள் 150 பேருக்கும் குறைவு என்பதே பெரும்பாலான கணக்கு.

7/
"போர்வையில் அம்மையைத் தடவிக் கொடுத்தாங்களாமே?"ன்னு கேட்பீங்க. அது 1763ல் பிட் கோட்டையில் ஆங்கிலேயர் செய்தது, ஆதாரம் உண்டு. 1837க்கு அப்படி ஆதாரம் இல்லை. இங்கே விஷம் வைக்கத் தேவையே இருக்கலை. மருந்தை அனுப்பாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

8/
"தடுப்பூசி வந்திருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்?" அதற்கும் பதில் இருக்கு. அதே 1837, எல்லைக்கு வடக்கே இன்றைய கனடா. ஹட்சன் பே கம்பெனியின் மருத்துவரும் வணிகருமான வில்லியம் டாட், அம்மை வருதுன்னு செய்தி கேட்டதுமே க்ரீ பழங்குடியினருக்கு ஊசி போடத் தொடங்கினார். அவங்களுக்கே போடவும் கற்றுக்கொடுத்தார். அங்கே ஏராளமான உயிர்கள் தப்பின. கம்பெனி ஒன்றும் தர்மசத்திரம் இல்லை. வேட்டைக்காரர்கள் செத்தால் தோல் வியாபாரம் படுத்துடும். ஆனா ஊசி போய்ச் சேர்ந்தது.

9/
ஆக, ஒரே வைரஸ், ஒரே வருஷம், அதே தடுப்பூசி. மாறியது ஒன்றே ஒன்று: யார் வரைக்கும் ஊசி போகணும்ங்கற முடிவு.

10/
1980ல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எந்த ஊரையும் ‘அந்தப் பக்கம்’னு விடாமல் தேடிப்போய் ஊசி போட்டதால்தான் அது நடந்தது.

மண்டான் வம்சாவளியினர் இன்றும் ஹிடாட்சா, அரிகரா மக்களோடு வடக்கு டகோட்டாவில் வாழ்றாங்க. அவங்க மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2016ல் இறந்தார்.

1832ல் போட்ட கோடு அவ்வளவு தூரம் நீண்டிருக்கு.