அழிந்த பெயரும் அழியாத ஏடும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் ஒருவர்க்கு மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைக்குமாயின், அவரிடம் ஒரு தாள் நீட்டப்படும். முன்பு கைதானதுண்டா, வழக்குண்டா, தண்டனையுண்டா என்று அது வினவும். அவர் தங்கியிருந்த ஊர்களின் அதிகாரிகளிடமும் விசாரணை செல்லும்.

நம் நாட்டிலே ஏடு முந்திக்கொண்டு, குற்றம் பிந்திய காலமும் இருந்தது. 1871-இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், செயலைப் பாராது பிறப்பைப் பார்த்துப் பெயர் எழுதிற்று. 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மதுரைப் பக்கத்தார் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். பதிவானவர் இரவில் போலீசார் முன்னிலையில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். பிழைப்புக்காக ஊர் கடந்த நமக்கு அச்சீட்டின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூரில் திரண்ட கள்ளர் மக்கள்மீது போலீசார் சுட்டதில் 15-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சென்னையில் 1947-இல் அச்சட்டம் நீங்கிற்று. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் 1949-இல் அமைந்த குழு அதனை நாடெங்கும் நீக்கப் பரிந்துரைக்க, 1952 ஆகஸ்டு 31-இல் அது முற்றும் ஒழிந்தது. ஆயினும் வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் அவ்விடத்தை நிரப்பின. சென்னையில் அத்தகைய சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. பெயர் போயிற்று, கண்காணிப்பு முற்றும் போகவில்லை என்பதே எமது எண்ணம்.

தனிமனிதர்க்கு மன்னிப்பு வழங்கிய சட்டத்திலும் இவ்வரைகுறையைக் காண்கிறோம். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், சிறைக்கு அனுப்பாது விடுவிக்கப்பட்டவர்க்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதிக்கேடு இல்லை என்கிறது. கேட்பதற்கு இனிய சொல்! ஆனால் தீர்ப்பே அழிந்துவிடவில்லை, அச்செயலுக்காக இலாகா நடவடிக்கை எடுக்கலாம் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று.

2016-இல், அவதார் சிங் வழக்கில், அந்நீதிமன்றம் வேலைத்தாளைப் பற்றியே பேசிற்று. கேட்டதற்கு உண்மை எழுத வேண்டும். ஆயினும் இளமையிலே கோஷமிட்டது போன்ற சிறு குற்றத்தை ஒருவர் மறைத்திருந்தால் அதனை மேலதிகாரி பொறுத்துக்கொள்ளலாம். ஒளியாது எழுதியவரையும் அவர் நியமித்தே தீரவேண்டும் என்பதில்லை. இவ்விரண்டாம் பகுதியே நம்மை உறுத்துகிறது. உண்மை எழுதும் ஏழை இளைஞனுக்கு அது என்ன துணை?

தாளையே கிழிக்கச் சொல்லும் சட்டமும் நம்மிடம் உண்டு. மேன்முறையீட்டுக் காலம் கழிந்தபின் சிறுவரின் வழக்கேடுகளை அழிக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பணிக்கிறது. 16 வயது நிறைந்தோர் புரிந்த கொடுங்குற்றங்கள் சிலவற்றுக்கு மட்டுமே அதில் விலக்கு வைத்தனர்.